அரூஸ் வண்டிக்குப் புது ஸ்பீக்கர்: 2,100 வெள்ளிக்கு (ரிங்கிட்) என்ன கிடைத்தது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் பெரோடுவா அரூஸ் இருக்கிறது, கம்பெனி பொருத்திக் கொடுத்த பாட்டுச் சத்தம் பிடிக்கவில்லை, கையில் சுமார் இரண்டாயிரம் வெள்ளி இருக்கிறது என்றால், பெரிய திரையையும் பின்பக்க இடத்தை விழுங்கும் வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டியையும் மறந்துவிடுங்கள். முன் கதவுகள் இரண்டையும் கழற்றி ஒழுங்காக வேலை செய்யச் சொல்லுங்கள். பணத்தில் பாதிப் பலன் அங்கேதான் இருக்கிறது. மீதிப் பாதி, சத்தத்தைச் சரிபார்க்க ஓர் ஆள் உங்களுக்காக எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்பதில் இருக்கிறது. அதற்கு எந்தக் கடையிலும் விலைப்பட்டியல் கிடையாது.

நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். அரூஸ் 2019 ஜனவரியில் வெளிவந்தது, அந்த வருடக் கடைசியில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. ஏழு இருக்கை. அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர். கணக்கு கச்சிதம். ஐந்து வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர் வாரண்டி முடியும்வரை காடியில் ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது என்பது கணவரின் கட்டளை. அதனால் அந்தச் சத்தத்தை அதுவரை பொறுத்துக்கொண்டோம்.

ஏழு பேருக்கும் ஏழு காது ரசனை. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டறை இரைச்சல் அவர் காதில் பாதியை எடுத்துக்கொண்டது, மீதிப் பாதி மின்னல் எஃப்எம் செய்திக்கு. பெரிய மகள் பிரிக்ஃபீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் வீணை கற்றுக்கொள்கிறாள், தந்தி மீட்டும் ஒலி சற்றுக் கரகரத்தாலும் முகம் சுளிப்பாள். மகனுக்கு உறுமி மேளம்தான் உலகம். கடைக்குட்டிக்கு எது போட்டாலும் சரி, சத்தமாக இருக்க வேண்டும். கணவருக்கு எண்பதுகளின் பாட்டில் வரும் பேஸ் கிட்டார். அம்மாவுக்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை, ஏறிய உடனே தூங்கிவிடுவார்.

கம்பெனி ஸ்பீக்கரில் என்ன கோளாறு? ஊருக்குள்ளும் வேலைக்குப் போகும் வழியிலும் பெரிதாக ஒன்றுமில்லை. தைப்பிங்கில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் தெரியும். பிளஸ் நெடுஞ்சாலையில் வேகம் 110ஐத் தொட்டதும் பேஸ் காணாமல் போய்விடும். டயரும் காற்றும் போடும் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் முதலில் அமுங்குவது மேளமும் பேஸும்தான். அதைக் கேட்க வால்யூமை ஏற்றினால் பாடகரின் குரல் தகரத்தில் கீறியது மாதிரி வரும். இரண்டாவது வரிசையில் இருப்பவர்களுக்குக் கூரையில் இருக்கும் ஏர்கோன் ஊதியின் இரைச்சல் வேறு. "என்னம்மா சொல்றான், என்னம்மா சொல்றான்" என்று அப்பா செய்தி முடியும்வரை கேட்டுக்கொண்டே வருவார்.

கடை கடையாக விசாரித்தபோது எல்லாரும் முதலில் காட்டியது பத்து அங்குல ஆண்ட்ராய்டு பிளேயர்தான். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது, பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் திரை பெரிதாவதால் கதவில் இருக்கும் ஸ்பீக்கர் நன்றாகப் பாடத் தொடங்காது. ரிவர்ஸ் கேமராவும் ஸ்டியரிங் பொத்தான்களும் ஏற்கெனவே கம்பெனி பிளேயரில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கலைத்து மறுபடி சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. "50 வாட், நாலு சேனல்", அதாவது நாலு ஸ்பீக்கருக்குத் தலா 50 வாட், என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததைக் காட்டினார் ஒரு விற்பனையாளர். நான் ஜாலான் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவள். எண்ணைக் காட்டினால் கூட்டிப் பார்க்காமல் விட மாட்டேன்.

அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். பிளேயரின் பின்னால் இருக்கும் ஃபியூஸ் 10 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 14 வோல்ட் பக்கம். பெருக்கினால் 140 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால், வெளியே 200 வாட் தொடர்ச்சியாக எங்கிருந்து வரும்? ஒரு கதவுக்கு நிஜமாகக் கிடைப்பது இருபது வாட் சுற்றுவட்டாரம். அட்டையில் இருப்பது ஒரு நொடிப்பொழுது உச்சத்தின் எண். கடைசியில் நான் வாங்கிய டிஎஸ்பி ஆம்ப்ளிஃபையரிலும் (ஒலியைப் பெருக்கி, கணினி முறையில் சீர்செய்யும் பெட்டி) இதே கதைதான்: பெட்டியில் நான்கு சேனலுக்கும் தலா 80 வாட், பக்கத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸ். 280 வாட் உள்ளே போய், ஐந்தில் ஒரு பங்கு சூடாக வீணானால் மீதம் 224. நாலாய்ப் பிரித்தால் 56. கடை முதலாளியான தவுக்கேவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "கக், எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் லா" என்று மலாயும் தமிழும் கலந்து சொன்னார். பொய் சொல்லி மழுப்பாததால் அந்தக் கடையிலேயே வேலையைக் கொடுத்தேன்.

இதோடு இன்னொன்று. வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது. இரு மடங்கு வாட்டுக்குக் கிடைப்பது 3 டெசிபெல் மட்டும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். அப்படியானால் ஆம்ப்ளிஃபையர் எதற்கு? மேளத்தில் ஓர் அடி விழும் கணத்தில் திடீரென்று அதிக வாட் தேவைப்படும். அப்போது இருபது வாட் திணறிக் கரகரக்கும், ஐம்பது வாட் திணறாது. வீணைக்காரி முகம் சுளித்தது இந்தக் கரகரப்புக்குத்தான்.

கடை ஜாலான் ஈப்போவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில். பெயர்ப்பலகையைவிட முன்னால் நிற்கும் கதவில்லாத காடிகளை வைத்துக் கண்டுபிடிப்பது சுலபம். வேலை செய்தவர் ஒரு தமிழ்த் தம்பி. பேச்சு குறைவு, கை சுத்தம். கதவு உறையைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டு உள்ளே பார்க்கச் சொன்னார். மெல்லிய தகடு, நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள், அவற்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். பழைய ஸ்பீக்கர் காகிதக் கூம்பு, காந்தம் பெரிய காசு அளவு. "இந்த ஓட்டையெல்லாம் அடைக்காம ஆயிரம் வெள்ளி ஸ்பீக்கர் போட்டாலும் வேஸ்ட் அக்கா" என்றார்.

ஏன் என்றால், ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் காற்று அலையும் பின்னால் தள்ளும் அலையும் நேர் எதிரானவை. பின்பக்க அலை ஓட்டை வழியாக முன்பக்கம் வந்து கலந்தால் தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு பக்கத் தோல் கிழிந்த மிருதங்கத்தை வாசிக்கிற கதை. வெளித்தகட்டின் உள்பக்கம் பியூட்டைல் (அதிர்வை அடக்கும் செயற்கை ரப்பர்) தாள் ஒட்டி, உள்தகட்டின் ஓட்டைகளையும் மூடிய பிறகு கதவைத் தட்டினால் "டங்" போய் "தொப்" என்று கேட்டது. கதவைச் சாத்தும் சத்தமே ஒரு படி விலை உயர்ந்த வண்டிக்கு வந்துவிட்டது. கணவர் இன்றும் வருகிறவர்களிடம் பாட்டைப் போட்டுக் காட்டுவதற்கு முன் கதவைச் சாத்திக் காட்டுகிறார்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் தார் வகைத் தாள் நம் ஊர் வெயிலுக்கு இளகி நாற்றமடிக்கும். பியூட்டைல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் ஒட்டுவதற்கு முன் மோந்து பாருங்கள். அடுத்தது, கதவின் அடிப்பக்கத்துச் சிறு துளைகளை யாரும் அடைத்துவிடக் கூடாது. கோலாலம்பூரின் சாயங்கால மழை கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கி, அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியே போகிறது. அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கருக்கு ஆறரை அங்குல பயனியர் காம்போனென்ட் ஜோடி எடுத்தோம். காம்போனென்ட் என்றால் உயர்ந்த சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், தனியாக வரும். அதை எங்கே வைப்பது என்பதில் தம்பிக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். பார்க்க அழகாக இருக்கும், காதுக்கும் நேராக வரும் என்று முன் கண்ணாடித் தூணில் பதிக்கலாம் என்றார். அரூஸில் ஆறு ஏர்பேக். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் விரியும் வழியில் அந்தத் தூண் இருக்கிறது. அங்கே ஓட்டை போடுவதும், வயர் இழுப்பதும், ஒரு கடினமான உருண்டையை ஒட்டிவைப்பதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டேஷ்போர்டின் மூலையில், கண்ணாடியில் பட்டுத் திரும்பும்படி வைத்தார். கொஞ்சம் கூர்மையாக இருந்தது, அதைப் பிறகு டிஎஸ்பியில் குறைத்துக்கொண்டோம். குடும்ப வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் என்ன சொன்னாலும் இறங்கிப் போகாதீர்கள்.

சப்வூஃபர் கென்வுட், இருக்கைக்கு அடியில் போகிற தட்டை வகை. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் அரூஸின் பின்னால் மிஞ்சுவது இரண்டு பை வைக்கிற இடம்தான். தீபாவளிக்குத் தைப்பிங் போகும்போது முறுக்கு டின் வைக்கவே இடம் போதாது, அங்கே பெட்டி வூஃபருக்கு ஏது வழி? 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலு மீட்டருக்கும் மேல், கிட்டத்தட்ட வண்டி நீளம். அவ்வளவு நீள அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தாலும் குற்றமில்லை. வாங்கும் முன் இருக்கையை முழுவதும் முன்னும் பின்னும் நகர்த்தி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பின்னால் உட்காருபவரின் செருப்பு அதில் இடிக்குமா என்பதையும் பாருங்கள். எங்கள் கடைக்குட்டி அதைக் கால்மணையாகவே வைத்துக்கொண்டான்.

இருக்கைக்கு அடியில் இருக்கும் எட்டு அங்குல சப்வூஃபரால் அடிவயிறு அதிராது. உறுமியின் அந்த இழுத்து முனகும் ஒலி நன்றாக வருகிறது, தவிலின் அடி நெஞ்சுக்கு வருகிறது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பக்கத்துக் காடியின் கண்ணாடி நடுங்க வேண்டும் என்பது மகனின் கனவு. அவன் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிக்கொள்ளட்டும்.

இனி டியூனிங். அன்று பிற்பகல் முழுக்க அதற்கே போனது, அதற்காகத்தான் இந்தக் கடைக்கு முழு மார்க் தருகிறேன்.

ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். வலது கதவு ஸ்பீக்கர் என் காதிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர், இடது ஸ்பீக்கர் 140. வலது ஒலி முதலில் வந்து சேருவதால் பாட்டு முழுவதும் வலது முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வருவதாகத் தோன்றும். ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். வித்தியாசம் 50 சென்டிமீட்டர் என்றால், வலது ஸ்பீக்கரை ஒன்றரை மில்லிநொடி தாமதமாகப் பாட வைக்க வேண்டும். கைத்தொலைபேசிச் செயலியில் தம்பி அந்த எண்ணைப் போட்டதும், பாடகர் எழுந்து வந்து டேஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். கேட்காதவர்களுக்கு இதை எழுத்தில் விளக்க முடியாது. வீணைக்காரியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்புறம் கணவர் இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "எல்லாம் இந்த ஒரு கதவிலிருந்துதானே வருது?" என்றார். வராமல் என்ன செய்யும்? அவருக்கு இடது ஸ்பீக்கர் ஏற்கெனவே பக்கத்தில். தூரத்தில் இருக்கும் வலது ஸ்பீக்கரை நாங்கள் இன்னும் தாமதப்படுத்தியிருக்கிறோம். ஒருவருக்குச் செய்த நியாயம் பக்கத்தில் இருப்பவருக்கு இரட்டை அநியாயம். பெரும்பாலான கடைகளில் ஓட்டுநர் இருக்கைக்கு மட்டும் சரிசெய்து, ஓட்டுநரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். தனியாக ஓட்டுகிறவருக்கு அது போதும். ஏழு பேர் ஏறும் வண்டிக்குப் போதாது.

அதனால் டிஎஸ்பியில் இரண்டு அமைப்புகளைப் பதிந்து வைத்தோம். ஒன்று, நான் தனியாக வேலைக்குப் போகும்போது: தாமதக் கணக்கோடு, பேஸ் அளவாக. மற்றது குடும்பத்துக்கு: தாமதம் பூஜ்யம், பின் ஸ்பீக்கர் கொஞ்சம் ஏற்றம், 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை சற்றே தூக்கல். பேச்சில் க, ச, த போன்ற மெய்யெழுத்துகளின் தெளிவு அந்தப் பகுதியில் இருக்கிறது. அப்பாவின் காதுக்குத் தேவைப்பட்டது அது. கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதபடி தடுத்து, கீழ் வேலை எல்லாவற்றையும் சப்வூஃபருக்குக் கொடுத்தார். முன் கதவு இவ்வளவு நிம்மதியாகப் பாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைக்குள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டுச் சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். அங்கே எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். நான் தம்பியையும் ஏற்றிக்கொண்டு டியூக் நெடுஞ்சாலையில் ஒரு சுற்று போனேன், ஏர்கோனை முழு வேகத்தில் வைத்து. கடையில் அதிகம் என்று குறைத்த பேஸ் அங்கே போதவில்லை. திரும்பி வந்து மறுபடி ஏற்றினோம்.

குறை இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு கவனித்தேன், பாட்டை மெதுவாக வைத்தால் பின்னணியில் ஒரு மெல்லிய "ங்ஙீ". எஞ்சின் வேகம் ஏற ஏற அதன் சுருதியும் ஏறும். கடைக்குப் போன் செய்தால், எடுத்த பையன், "அது நார்மல் அக்கா, கொஞ்ச நாள்ல போயிடும்" என்றான். எர்த் வயர் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் இப்படி வரும், தானாக எங்கும் போகாது. அடுத்த சனிக்கிழமை நேராகப் போய் நின்றேன். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டாத போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் இறுக்கியதும் சத்தம் நின்றது. காசு கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் போன் பதிலுக்காக ஒரு மார்க்கைக் குறைக்கிறேன்.

அதே சமயம் பேட்டரியிலிருந்து வரும் கம்பியையும் பார்த்தேன். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். கம்பி எங்காவது உராய்ந்து தகட்டில் பட்டால் முதலில் அறுபட வேண்டியது அதுதான். ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் இருந்தால் நடுவில் உள்ள கம்பிக்குக் காவல் இல்லை. இந்தக் கடையில் சரியாக வைத்திருந்தார்கள். வயர் எதையும் வெட்டவும் இல்லை. அரூஸின் சோக்கெட்டுக்கு ஏற்ற இணைப்பு வைத்தே மாட்டியிருப்பதால், விற்கும்போது கழற்றிப் பழையபடி ஆக்கிவிடலாம். பழைய ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கி வந்தேன், ஸ்டோர் அறையில் இருக்கின்றன.

செலவு: ஸ்பீக்கர் 390, இரு கதவுத் தாள் வேலை 240, டிஎஸ்பி 680, சப்வூஃபர் 620, கூலி 200. மொத்தம் 2,130. முப்பதைக் குறைக்கச் சொன்னேன், குறைத்தார். பில்லில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி, பொருள் வாரண்டி எவ்வளவு, வேலைக்கு வாரண்டி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். "ஃபுல் செட்" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால், பிறகு ஒன்று கெட்டால் எதற்கு எது என்று தெரியாது.

தைப்பிங் பயணங்களில் இப்போது வால்யூம் முன்பைவிடக் குறைவாகவே இருக்கிறது, ஆனால் எல்லாம் கேட்கிறது. அப்பா செய்திக்கு நடுவே கேள்வி கேட்பது நின்று, செய்தி வாசிப்பவரோடு வாதம் செய்யத் தொடங்கியிருக்கிறார். மூன்றாவது வரிசையில் மட்டும் இன்னும் திருப்தி இல்லை. பின் கதவுகளில் கம்பெனி ஸ்பீக்கர்தான் இருக்கிறது, அதற்கும் பின்னால் உட்காருகிறவர்களுக்கு வருவது முன்னாலிருந்து மிஞ்சியதுதான். பின் கதவுக்கும் தாள் ஒட்டிச் சாதாரண கோஆக்சியல் (ட்வீட்டர் சேர்ந்தே இருக்கும்) ஸ்பீக்கர் போட 430 வெள்ளி என்றார் தவுக்கே. போனஸ் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மகன் அதற்குள் தன் பங்காக ஐம்பது வெள்ளி தருவதாகச் சொல்கிறான், வூஃபர் பெரிதாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. நிபந்தனை தள்ளுபடி, ஐம்பது வெள்ளியை மட்டும் வாங்கிக்கொள்வேன்.